கணக்கு பறிபோகாமல் காப்பதும் போலிக் கணக்கை முடக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தால் இதை மேலிருந்து படித்துக்கொண்டிருக்க வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். வாட்ஸ்அப்போ ஜிமெயிலோ போயிருந்தால் கீழே அந்தக் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள். இன்னும் ஒன்றும் ஆகாதவர்கள் நிதானமாக வரிசையாகப் படிக்கலாம்.

எத்தனையோ கணக்குகள் இருக்கின்றன. எதை முதலில் பாதுகாப்பது?

மின்னஞ்சலை. பலரும் வங்கிச் செயலிக்கு மூன்று பூட்டு போட்டுவிட்டு, ஜிமெயிலைப் பத்து வருடப் பழைய பாஸ்வேர்டோடு அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராம், பேஸ்புக், அமேசான், வேலைவாய்ப்புத் தளம் என்று எதை எடுத்தாலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று தட்டினால் புதிய பாஸ்வேர்டு வைக்கும் லிங்க் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஆக மின்னஞ்சல் கையில் கிடைத்தவனுக்கு உங்கள் மற்ற பாஸ்வேர்டுகள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்த மின்னஞ்சலையே மீட்க எது போதும் என்று பாருங்கள்: பெரும்பாலும் உங்கள் மொபைல் எண். எனவே மின்னஞ்சல், மொபைல் எண் இரண்டையும் கெட்டியாக்கிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து, மீட்பு எண்ணாகவும் மீட்பு மின்னஞ்சலாகவும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்லூரிக் காலத்து எண்ணோ, முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் மின்னஞ்சலோ, கணக்கைத் திறந்து கொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரரின் எண்ணோ அங்கே இருப்பது சர்வசாதாரணம். பாஸ்வேர்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் பயனில்லை.

நல்ல பாஸ்வேர்டு என்றால் என்ன? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா?

நீளமாக இருக்க வேண்டும், ஒரு தளத்தில் வைத்ததை இன்னொரு தளத்தில் வைக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் உயிர். கசிந்ததாகத் தெரியாத பாஸ்வேர்டைத் தவணை வைத்து மாற்றத் தேவையில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டும் கட்டாயத் தவணை மாற்றம் வேண்டாம் என்றே சொல்கிறது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான்.

நினைவில் வைக்க வேண்டிய ஓரிரு பாஸ்வேர்டுகளுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளலாம். முருங்கை, தண்டவாளம், ஒத்தடம், சல்லடை என்பது போல. (இந்த நான்கையே வைத்துவிடாதீர்கள்.) குறளின் முதல் அடி, சினிமா வசனம், குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த வருடம் இவையெல்லாம் உங்களுக்குத் தோன்றுவதுபோலவே மற்றவர்களுக்கும் தோன்றும்.

மீதி நூறு கணக்குகளுக்கு, பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் போதும். கூகுளிலும் ஆப்பிளிலும் உள்ளேயே இருக்கிறது. தனியாக வேண்டுமானால் பிட்வார்டன் இருக்கிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. போலித் தளத்துக்குப் போனால், முகவரி பொருந்தாததால் மேனேஜர் தானாக நிரப்பாது. எப்போதும் நிரப்பும் இடத்தில் அது நிரப்பவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு முகவரியைப் பாருங்கள். செயலி பிடிக்காத பெரியவர்கள் நோட்டில் எழுதி பீரோவில் வைக்கலாம், தவறே இல்லை. ஜார்க்கண்டிலிருந்தோ கம்போடியாவிலிருந்தோ திருடுபவனுக்கு உங்கள் பீரோ எட்டாது.

பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா?

வேண்டாம். காரணம் மொழி அல்ல, குறியேற்றம். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கீபோர்டு அதைக் 'க'வோடு ஒரே ஒகரக் குறியாக அனுப்பும். இன்னொன்று 'க'வுக்குப் பின் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து வரிசை. இரண்டையும் ஒன்றாகக் கருதும் ஏற்பாடு யூனிகோடில் உண்டு, ஆனால் எல்லாத் தளமும் அதைச் செய்வதில்லை. 'ஸ்ரீ' இன்னும் மோசம்: 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. பழைய போனில் வைத்த பாஸ்வேர்டு புதிய போனில் 'தவறு' என்று வரும். எங்கே தவறு என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

என் பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், வெளியில் வந்த எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். பாஸ்வேர்டையே சோதிக்கும் பகுதியும் அங்கே உண்டு. அது பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹேஷ் என்ற குறியீட்டின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் அனுப்பி, மீதியை உங்கள் கருவியிலேயே ஒப்பிடுகிறது. கூகுளின் 'பாஸ்வேர்டு செக்கப்' சேமித்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சோதித்துவிடும்.

ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைப்பதன் ஆபத்தும் இங்கேதான். எங்கோ ஒரு சின்ன ஷாப்பிங் தளம் கசிந்தால், அந்த மின்னஞ்சல்-பாஸ்வேர்டு ஜோடியை எடுத்து ஜிமெயில், பேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் என்று வரிசையாக முயன்று பார்ப்பது மனிதர்கள் அல்ல, நிரல்கள். நீங்கள் முக்கியமான ஆளா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை.

எஸ்எம்எஸ் ஓடிபி, அத்தென்டிகேட்டர் செயலி, பாஸ்கீ: எதைத் தேர்ந்தெடுப்பது?

பாஸ்கீ கிடைத்தால் பாஸ்கீ. இல்லாவிட்டால் அத்தென்டிகேட்டர். அதுவும் இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ். எஸ்எம்எஸ் பலவீனமானது என்று கேள்விப்பட்டு ஒன்றுமே போடாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

எஸ்எம்எஸ் உங்கள் சிம்மை நம்பி நிற்கிறது. சிம் கைமாறினால் அதுவும் கைமாறும். அத்தென்டிகேட்டர் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கத்தைப் போனிலேயே கணக்கிடுகிறது; சிக்னல்கூட வேண்டாம். கணக்கிடுவது நேரத்தை வைத்து என்பதால், போனின் கடிகாரம் ஓரிரு நிமிடம் தள்ளியிருந்தால் சரியான எண்ணைப் போட்டாலும் ஏற்காது. தேதி, நேரத்தைத் 'தானியங்கி'யில் வையுங்கள். ஆனால் ஓடிபியானாலும் அத்தென்டிகேட்டர் எண்ணானாலும், போலிப் பக்கத்தில் நீங்களே அடித்துக் கொடுத்துவிட்டால் திருடன் அதே நொடியில் உண்மைத் தளத்தில் போட்டுக்கொள்வான்.

பாஸ்கீயில் அடித்துக் கொடுக்க ஒன்றுமே இல்லை. ரகசியச் சாவி உங்கள் போனிலோ பாஸ்வேர்டு மேனேஜரிலோ இருக்கும். கைரேகை வைத்தால் அது கையொப்பமிடும். அதுவும் எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரிக்கு மட்டும். போலிப் பக்கம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் முகவரி வேறு என்பதால் சாவி வெளியே வராது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் இது ஏமாறாது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறோம்.

எதைப் போட்டாலும் கூகுள் தரும் பேக்கப் கோடுகளை எடுத்துவைத்துவிடுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறைதான். தாளில் எழுதி ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், போன் தொலையும் நாளில் அதுவும் சேர்ந்தே தொலையும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டவர்களின் கணக்கும் போகிறதே?

போகிறது. பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கொடுத்து நீங்கள் உள்ளே போனதும், தளம் உங்கள் பிரவுசரில் ஒரு குக்கீயை வைக்கிறது. 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்பதற்கான அனுமதிச் சீட்டு அது. கணினியில் புகுந்த திருட்டு மென்பொருள் அந்தச் சீட்டைப் பிரதியெடுத்து அனுப்பிவிட்டால், திருடனிடம் யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள்.

2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனலுக்கு நடந்தது இதுதான். கணினித் தொழில்நுட்பமே தொழிலாகக் கொண்ட, கோடிக்கணக்கில் சந்தாதாரர்கள் உள்ள சேனல் அது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த, பிடிஎஃப் போலத் தோன்றிய கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததும் பிரவுசர் தகவல்கள் வெளியே போய்விட்டன. சேனலின் பெயர் டெஸ்லா என்று மாறி, கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. தமிழ் யூடியூபர்களுக்கும் இன்ஃப்ளுயன்ஸர்களுக்கும் வரும் 'பிராண்ட் கொலாப்' மின்னஞ்சல்களில் இதே உத்தி இருக்கிறது. கோப்பின் பெயர் பிடிஎஃப் என்று தெரிந்தாலும் உண்மையான நீட்சி (பெயரின் கடைசிப் பகுதி) இஎக்ஸ்இ அல்லது எஸ்சிஆர் என்ற நிரல் வகையாக இருக்கும்; விண்டோஸ் இயல்பாகவே நீட்சியை மறைத்துக் காட்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இயக்கிவையுங்கள். ஜிப் கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு அனுப்பினால் கூடுதல் சந்தேகம் வேண்டும். வைரஸ் சோதனை உள்ளே பார்க்க முடியாதபடி செய்வதற்குத்தான் பெரும்பாலும் அப்படி அனுப்புகிறார்கள்.

லிங்க் உண்மையா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

இடமிருந்து வலமாகப் படிக்கும் நம் பழக்கத்தைத்தான் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள். முகவரியின் தொடக்கத்தில் வங்கியின் பெயரை வைத்துவிடுவார்கள். அங்கே யாரும் எதையும் வைக்கலாம். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். 'உங்கள்வங்கி டாட் காம் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் டாப்' என்று இருந்தால் அதன் உரிமையாளர் 'கேஒய்சி-அப்டேட் டாட் டாப்'. முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வெறும் அலங்காரம்.

இந்திய வங்கிகளுக்கு இப்போது ஒரு நல்ல அடையாளம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். பூட்டுப் படத்தை நம்ப வேண்டாம். போலித் தளத்துக்கும் அது இலவசமாகக் கிடைக்கிறது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. திறக்கலாமா?

பெயர் ஏபிகே என்று முடிந்தால் கூடாது. அது பத்திரிகை அல்ல, செயலி. 'டிராஃபிக் சலான்', 'பிஎம் கிசான்', 'மின்கட்டண பாக்கி' என்ற பெயர்களிலும் வரும். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் அதன்பிறகு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பது ஒரு பாதுகாப்பே அல்ல. அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருக்கலாம்.

நிறுவிவிட்டீர்களா? டேட்டாவையும் வைஃபையையும் உடனே அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசி யுபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்துங்கள். 'அக்ஸசிபிலிட்டி' பகுதியிலும் 'டிவைஸ் அட்மின்' பகுதியிலும் அந்தச் செயலியின் அனுமதியை எடுத்த பிறகே நீக்க முடியும். படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது நல்லது. பாஸ்வேர்டுகளை மாற்றுவது ரீசெட்டுக்குப் பிறகோ வேறு கருவியிலோதான். அதே போனில் முன்பே மாற்றினால் புதியதும் போய்விடும்.

திடீரென்று சிக்னல் போய்விட்டது. பயப்பட வேண்டுமா?

பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்து, போனை அணைத்துப் போட்டும் உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், ஆம். உங்கள் பெயரில் யாரோ மாற்று சிம் அல்லது இ-சிம் வாங்கியிருக்கலாம். 'நெட்வொர்க் பிரச்சினை, காலையில் சரியாகிவிடும்' என்று படுத்துவிடாதீர்கள். வேறு போனிலிருந்து சேவை நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள், பிறகு வங்கியை. இ-சிம் மோசடியில் உங்களுக்கு வந்த உறுதிப்படுத்தும் எஸ்எம்எஸ்ஸுக்கு உங்களையே பதில் அனுப்பவைப்பார்கள். நீங்கள் கேட்காத இ-சிம் பற்றி வரும் எதற்கும் பதில் போட வேண்டாம்.

ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கே 2019 ஆகஸ்டில் இப்படித்தான் போனது. அவருடைய எண் வேறொருவர் கைக்குப் போய், எஸ்எம்எஸ் வழியாகப் பதிவிடும் வசதியைக்கொண்டு கண்டதையும் எழுதினார்கள். இந்தியாவில் சிம் மாற்றியதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றவும் முடியாது. அந்த 24 மணி நேரம் உங்களுக்காகத் தரப்பட்ட அவகாசம்.

போன் திருட்டுக்கு இன்னொரு முன்னேற்பாடு: சிம் பின். திரைப்பூட்டு என்னதான் வலுவாக இருந்தாலும், திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அங்கே வரும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' பகுதியில் பின் போட்டுவைத்தால் வேறு போனில் அது கேட்கும். முதலில் போடும்போது நிறுவனம் வைத்த பழைய பின்னைக் கேட்கும். 1234 அல்லது 0000 ஆக இருக்கலாம், ஊகித்து முயலாமல் வாடிக்கையாளர் சேவையைக் கேளுங்கள். மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியுகே எண் கேட்கும், அதைப் பத்து முறை தவறவிட்டால் சிம் செத்துவிடும்.

கூரியர்க்காரர் ஒரு எண்ணை டயல் செய்யச் சொன்னார். அதில் என்ன ஆபத்து?

நட்சத்திரக் குறி, 21 அல்லது 401, அதன்பின் பத்து இலக்க எண்: இப்படி எதையாவது டயல் செய்யச் சொன்னால் அது கூரியர் அல்ல. உங்களுக்கு வரும் அழைப்புகளை அந்தப் பத்து இலக்க எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை அது. எஸ்எம்எஸ் திரும்பாது, அழைப்பு மட்டும்தான். அவர்களுக்கு அதுவே போதும். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணைப் பதிந்து, எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் 'அழைத்துச் சொல்' என்று தேர்ந்தெடுத்தால், குறியீட்டைச் சொல்லும் குரல் அழைப்பு நேராக அவர்களுக்கே போகும். இதனால்தான் யுஎஸ்எஸ்டி (இப்படி நட்சத்திரக் குறியோடு டயல் செய்யும் கட்டளை) வழி அழைப்புத் திருப்பலை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அப்படியும் சந்தேகம் இருந்தால் *#21# அடித்து நிலையைப் பாருங்கள். ##002# எல்லாத் திருப்பலையும் நீக்கும்.

பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை விட்டுவிட்டேன். பரவாயில்லையா?

அந்த எண்ணை நம்பி ஒரு கணக்கும் இல்லையென்றால் பரவாயில்லை. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைச் சொன்னது, பழைய எண்ணின் வாட்ஸ்அப்பைச் சுத்தம் செய்வது சந்தாதாரர் பொறுப்பு என்று நீதிமன்றமும் சொன்னது. எண்ணை வாங்கும் புதியவர் திருடராக இருக்க வேண்டியதில்லை. அவர் போனுக்கு உங்கள் ஓடிபி வரும் என்பதே பிரச்சினை. எண் உயிரோடு இருக்கும்போதே வங்கி, ஆதார், கூகுள், பேஸ்புக் எல்லாவற்றிலும் புதிய எண்ணைப் போட்டு, வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' கொடுத்துவிட்டு அப்புறம் விடுங்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது.

வாட்ஸ்அப் கையைவிட்டுப் போய்விட்டது. என்ன செய்வது?

முதலில் எந்த வகை என்று பாருங்கள். உங்கள் போனில் வாட்ஸ்அப் வெளியேறி மறுபடி எண் கேட்கிறதென்றால், வேறு போனில் உங்கள் எண்ணைப் பதிந்துவிட்டார்கள். நீங்களும் உங்கள் எண்ணைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கத்தைக் கொடுங்கள். கொடுத்த நொடியிலேயே அவர் வெளியே தள்ளப்படுவார். அதன்பிறகு நீங்கள் வைக்காத ஒரு பின் கேட்டால், அது அவர் போட்ட இரண்டடுக்குப் பின். ஏழு நாள் காத்திருந்தால் பின் இல்லாமல் உள்ளே போகலாம். அந்த ஏழு நாள் உங்களுக்குக் கணக்கு இல்லை, ஆனால் அவருக்கும் இல்லை. அதனால் பதற வேண்டாம். குறியீடே வராமல் 'பல மணி நேரம் காத்திருங்கள்' என்று காட்டினால், அவர் வேண்டுமென்றே தவறான எண்களைப் போட்டு வாயிலை அடைத்திருக்கிறார். காட்டும் நேரம் முடியும்வரை காத்திருந்து முயலுங்கள், இடையில் தட்டித்தட்டி நேரத்தை நீட்டாதீர்கள்.

உங்கள் போனில் வாட்ஸ்அப் இயல்பாக இயங்கிக்கொண்டே, நீங்கள் அனுப்பாத செய்திகள் போகின்றன என்றால், அது வேறு வகை: யாரோ தங்கள் கணினியை 'லிங்க்டு டிவைசஸ்' வழியாக இணைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் அந்தப் பகுதியைத் திறந்து தெரியாத கருவியைத் தட்டி வெளியேற்றுங்கள். இந்த இரண்டாவது வகைதான் கவலைக்குரியது. முதல் வகையில் பழைய உரையாடல்கள் உங்கள் போனிலேயே தங்கிவிடும், இதில் சமீபத்திய உரையாடல்கள் அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டிலும் உடனே செய்ய வேண்டியது: உறவினர் குழு, அலுவலகக் குழு எல்லாவற்றுக்கும் வேறு எண்ணிலிருந்து 'என் பெயரில் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். மீட்ட பிறகு 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பின்னையும் அதற்கான மின்னஞ்சலையும் போடுங்கள். அது இல்லாததால்தான் வெறும் ஆறு இலக்கம் போதுமாக இருந்தது.

ஜிமெயிலை எப்படி மீட்பது? மீட்ட பிறகு என்ன பார்ப்பது?

எப்போதும் பயன்படுத்தும் அதே போனில் அல்லது கணினியில், அதே வீட்டு இணைப்பில் இருந்து கூகுளின் 'அக்கவுன்ட் ரெக்கவரி' பக்கத்தில் முயலுங்கள். கருவியும் இடமும் பழக்கமானவையா என்று கூகுள் பார்க்கிறது. நண்பர் வீட்டிலிருந்து முயன்றால் வாய்ப்பு குறையும். கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் கொடுங்கள், பழைய பாஸ்வேர்டு ஏதேனும் நினைவிருந்தாலும் கொடுங்கள். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், மாற்றிய ஏழு நாள்வரை பழைய எண்ணைக் கொண்டு மீட்க வழி உண்டு. அதனால் தாமதம் கூடாது.

மீட்ட மகிழ்ச்சியில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துபவர்கள் ஒரே வாரத்தில் மறுபடி இழக்கிறார்கள். திருடன் விட்டுப்போன ஒட்டுவேலைகளைத் தேடுங்கள். கணினியில் ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பகுதியில் தெரியாத முகவரி இருக்கிறதா? 'ஃபில்டர்ஸ்' பகுதியில், 'வங்கி', 'செக்யூரிட்டி' போன்ற சொற்கள் உள்ள மின்னஞ்சலை நேராகக் குப்பைக்கு அனுப்பும் விதி ஏதும் இருக்கிறதா? 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் வேறொருவருக்கு அணுகல் கொடுக்கப்பட்டிருக்கிறதா? பிறகு கூகுள் கணக்கில்: மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், தெரியாத பாஸ்கீ, தெரியாத அத்தென்டிகேட்டர், வெளிச் செயலிக்காக உருவாக்கும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு, இணைக்கப்பட்ட வெளிச் செயலிகள், உள்ளே இருக்கும் கருவிகள். பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுங்கள். பழையவை அவரிடமும் இருக்கலாம்.

இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போனால்?

மின்னஞ்சல் முகவரியை மாற்றியதும் இன்ஸ்டாகிராம் பழைய முகவரிக்கு ஒரு தகவல் அனுப்பும். அதிலேயே மாற்றத்தை ரத்துசெய்யும் வழி இருக்கும். உங்கள் மின்னஞ்சலைத் தேடிப்பாருங்கள். இல்லாவிட்டால் இன்ஸ்டாகிராம் டாட் காம், பேஸ்புக் டாட் காம் முகவரிகளுக்குப் பின் சாய்கோடிட்டு 'ஹேக்டு' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் மீட்புப் பக்கம் வரும். முகம் இருக்கும் கணக்குக்கு வீடியோ செல்ஃபி கேட்கலாம். 'மீட்டுத் தருகிறேன்' என்று கருத்துப் பெட்டியிலும் டிஎம்மிலும் வருகிறவர்கள் அனைவரும் மோசடிக்காரர்கள். விதிவிலக்கு வைக்க வேண்டாம்.

என் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்கு தொடங்கி, நண்பர்களிடம் பணம் கேட்கிறார்கள்.

இங்கே உங்கள் கணக்கு ஹேக் ஆகவில்லை; பாஸ்வேர்டை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. வெளியில் தெரியும் படத்தையும் பெயரையும் எடுத்துப் புதுக் கணக்கு தொடங்கி, உங்கள் நண்பர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் வேண்டுகோள் அனுப்பியிருக்கிறார்கள்.

புகார் கொடுப்பதற்கு முன்னால் ஆதாரம் எடுங்கள். போலிப் பக்கத்தின் முழு முகவரி, பணம் கேட்ட உரையாடல், அதில் கொடுத்த யுபிஐ ஐடி அல்லது எண், நேரம் எல்லாமே படத்தில் இருக்க வேண்டும். திரையில் தெரியும் பெயரை மட்டும் படமெடுத்தால் போதாது. பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள். பிறகு அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளிகளைத் தட்டி, 'வேறொருவராக நடிக்கிறார்' என்ற வகையில் புகார் செய்யுங்கள். பேஸ்புக்கில் நண்பர்களும் அதே வகையில், 'என் நண்பராக' என்று உங்கள் உண்மைக் கணக்கைச் சுட்டிச் செய்யலாம். ஆளாளுக்கு 'ஸ்பேம்', 'ஆபாசம்' என்று வேறு வேறு காரணம் கொடுத்தால், பார்க்கிறவருக்கு அது ஆபாசமாக இல்லாததால் புகார் தள்ளுபடியாகும். இன்ஸ்டாகிராமில், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பேச உரிமையுள்ளவரோ கொடுக்கும் ஆள்மாறாட்டப் புகாரைத்தான் ஏற்பார்கள்; கணக்கே இல்லாதவரும் அடையாள அட்டையோடு படிவத்தில் கொடுக்கலாம்.

நிறுவனம் அசையவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் அதை நீக்க அதிகபட்சம் 24 மணி நேரம் என்று வரம்பு வைத்தன; 2026 பிப்ரவரியில் அது இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதும்போது இந்த விதியைக் குறிப்பிடுங்கள். அவர் பதிலும் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை.

இனி நடக்காமல் இருக்க பேஸ்புக்கில் நண்பர் பட்டியலை 'ஒன்லி மீ' என்று மறைத்துவையுங்கள். போலிக் கணக்கின் முதலீடே அந்தப் பட்டியல்தான். வாட்ஸ்அப் டிபியை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள்.

குரலே மகன் குரல் மாதிரி இருந்தால்?

சில விநாடிப் பதிவு இருந்தாலே குரலைப் போலி செய்யும் கருவிகள் வந்துவிட்டன. காதால் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அழைப்பைத் துண்டித்து, உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நாயின் பெயர் வேண்டாம், அது இன்ஸ்டாகிராமிலேயே இருக்கும்.

பணம் போய்விட்டது. புகார், வங்கி, சட்டம்: எந்த வரிசையில்?

முதலில் 1930. பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் கணக்கு எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லி புகார் எண் வாங்குங்கள். பிறகு 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் முழுப் புகார். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை செர்ட்டின் 101 எண்ணுக்குப் பேசலாம்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, தவறு உங்களுடையதாகவோ வங்கியினுடையதாகவோ இல்லாமல் மூன்றாமவரால் பணம் போயிருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்கு நட்டமில்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது உங்கள் நட்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நட்டம். எனவே வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் தள்ளினால் அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கணக்கில்தான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி அடையாளத் திருட்டுக்கு, 66டி கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு. இரண்டிலும் மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். புகாரில் இந்தப் பிரிவுகளை எழுதுங்கள்.

என் ஆதாரை வைத்து யாராவது சிம் வாங்கியிருந்தால்?

தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் பெயரில் ஓடும் எண்கள் வரும். உங்களுடையது அல்லாததை அங்கேயே 'என் எண் அல்ல' என்று குறிக்கலாம். கைரேகையை எம்-ஆதார் செயலியில் பூட்டிவைக்கலாம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் அன்று மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பாட்டி வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

இறந்துபோனவரின் கணக்கை என்ன செய்வது?

அப்படியே விட்டால் அதுவும் ஒருநாள் யாரோ ஒருவர் கைக்குப் போகலாம். எண் 90 நாளில் மறுவிற்பனைக்குப் போகும் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். குடும்பத்தினர் பேஸ்புக்கில் இறப்புச் சான்று கொடுத்து அதை நினைவுக் கணக்காக மாற்றலாம். அதன்பிறகு யாரும் உள்ளே நுழைய முடியாது. உயிரோடு இருப்பவர்கள் கூகுளின் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' பகுதியில், 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போதே குறித்துவைக்கலாம். பத்துப் பேர்வரை சேர்க்கலாம். அவர்களின் எண்கள் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள்.